மேலே அடித்தால் போய்விடும்

சான்டா ரொசாலியா நகராட்சிக் கல்லறையில் செத்தவனுக்கு ஐந்து வருஷம் நிம்மதி உண்டு. அங்கே வேலை பார்க்கிறவனுக்கு ஐந்து நிமிஷம்கூடக் கிடையாது. மாங் தேர்யோ இதை முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிவந்தார். இப்போதெல்லாம் சொல்லவே அலுப்பாக இருந்தது. ஒரு பெருமூச்சு விடுவார், மீதியைப் பக்கத்து மேஜை நேனெட் புரிந்துகொள்வாள்.

எலெவுதேரியோ மகராயேக் என்ற அவருடைய முழுப்பெயர் சம்பளச் சீட்டோடு சரி; ஊருக்கு அவர் 'மாங்' தேர்யோ, அதாவது பெரியவர் தேர்யோ. வயது அறுபத்து மூன்று. காலையில் காய்ந்த மீனும் சோறும் தின்றுவிட்டு, இரண்டு ஜீப்னி வண்டி மாறி, எட்டு மணிக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். சுவரோடு சுவராக ஐந்து அடுக்குக்கு அறைகள் கட்டி, அவற்றில்தான் அந்த ஊர் தன் சனங்களை வைக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அறையை மூடிய கல்லை உடைத்து, எலும்பைச் சாக்கில் கட்டி, அறையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யார் புதுப்பித்தார்கள், யார் புதுப்பிக்கவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அவர் வேலை. ஒன்றை அழுத்தினால் புதுப் பதிவு, இரண்டு புதுப்பித்தல், மூன்று தேடுதல், நான்கு பட்டியல், ஒன்பது வெளியேறுதல். எண்பத்தெட்டில் அந்த நிரல் வந்த நாளிலிருந்து அலுவலகத்தில் அதை எல்லோரும் 'மெனு' என்றே சொல்வார்கள். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோனாலும் அந்த எண்கள் அவருக்கு மறக்காது.

செப்டம்பரில் ஏரி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது ஊரெல்லாம் சேறு. புதிதாகச் செத்தவர்களை வைக்க ஒரு அறைகூடக் காலியில்லை. மேயர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: காலம் முடிந்த அறைகளையெல்லாம் நவம்பர் இரண்டாம் தேதி, சகல ஆத்மாக்கள் நாளுக்குள் காலி செய்ய வேண்டும். மெனுவில் நான்கை அழுத்தினார்கள். நூற்றுத் தொண்ணூறு அறைகள் வந்தன. பட்டியலை வாசல் கேட்டில் ஒட்டினார்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உடைக்க ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள், புதன்கிழமை, செவெரினா அம்மாள், ஊர் வழக்கில் அலிங் செவெரினா, ஜன்னலுக்கு வந்தாள். சந்தை வாசலில் அரிசிப் பிட்டு விற்கிறவள். சேறு காயாத ரப்பர் செருப்போடு நேரே கேட்டிலிருந்து வந்திருந்தாள்.

"என் பையன் பேரு வாசல்ல தொங்குது, மாங் தேர்யோ. அர்னுல்ஃபோ பான்டிகே. ஸீ வரிசை, இருநூத்துப் பன்னிரண்டு. ஜூலைல வந்து புதுப்பிச்சேனே. நீங்கதானே கம்ப்யூட்டர்ல அடிச்சீங்க?"

மூன்றை அழுத்தி, இந்த வருஷப் புதுப்பித்தல்களில் தேடப் பெயரை அடித்தார். 'பதிவு இல்லை' என்றது ஸ்கிரீன். இன்னொரு தடவை மெதுவாக, எழுத்து எழுத்தாக அடித்தார். பதிவு இல்லை.

"ரசீது வச்சிருக்கீங்களா?"

"வீட்ல கூரையே இல்ல, ரசீதைக் கேக்குறீங்க! தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. அந்த நேரத்துல பேத்தியைத் தூக்கட்டா, ரசீதைத் தூக்கட்டா?"

அலுவலகத்தின் ரசீது நகல் புத்தகங்களும் அடி அலமாரியில் கூழாகிப் போயிருந்தன. நகராட்சிக் கஜானாவில் கேட்கலாம் என்றால் அங்கே தரைத்தளத்திலிருந்து இன்னும் வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனவே மிச்சமிருந்த ஒரே சாட்சி மெனுதான். அது வாயைத் திறந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டது.

மூன்று நாளாக இதே கதை. வருகிறவர்களெல்லாம் கட்டினேன் என்கிறார்கள், மெனு இல்லை என்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் மாங் தேர்யோவுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் இவள் வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று மழை. அன்று அவர் கை சொன்னபடி கேட்கவே இல்லை. அந்த ஒரு பெயரை அடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. முடித்த பிறகு சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தது நிஜமென்றால் அது எங்கே போயிற்று? கடைசியில் என்டரைத் தட்ட மறந்துவிட்டோமா? கை போனது போதாதென்று தலையும் போகிறதா? மூன்று நாளாக அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வீட்டில் மனைவி பிலாரிடம்கூடச் சொல்லவில்லை.

உள்ளறையில் இருந்த மேடம் ஃபிலொமினாவிடம் போய் நின்றார். மேடம் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். கெட்டவள் இல்லை. மூன்று நாளாகச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள்.

"எனக்கு இந்தம்மாவை நல்லா ஞாபகம் இருக்கு, மேடம். கட்டினாங்க."

"ஞாபகத்தை வச்சுப் பட்டியலைத் திருத்த முடியுமா, மாங் தேர்யோ? இவங்களுக்கு விட்டா நாளைக்கு நூறு பேர் நிப்பாங்க. அங்க பாருங்க, ஆஸ்பத்திரியில பதினாலு பேரு ஐஸ்ல கெடக்காங்க. அவங்களை எங்க வைக்கறது? என் மடியிலயா?"

மாங் தேர்யோ திரும்பி வந்து ஜன்னலில் விஷயத்தைச் சொன்னார். அலிங் செவெரினா அழவில்லை. அழுதிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப நான் அங்கயே போய் உக்காந்துக்கறேன். முதல்ல என்னை உடைக்கட்டும், அப்புறம் கல்லை உடைக்கட்டும்." சொல்லிவிட்டுக் குடையை இடுக்கிக்கொண்டு ஸீ வரிசைப் பக்கம் நடந்தாள்.

மத்தியானம் நேனெட் பொட்டலக் காப்பியைக் கரைத்து, சின்ன ரொட்டியோடு அவர் மேஜையில் வைத்தாள்.

"கையைக் கழுவிடாதீங்க, மாங் தேர்யோ. காலைலேர்ந்து அடிச்ச சூடு இன்னும் இறங்கியிருக்காது."

அந்த ஊரில் கை நடுங்கினால் எல்லோருக்கும் காரணம் தெரியும், டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது. சூடான கையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நரம்பு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பாஸ்மா என்று பெயர். மாங் தேர்யோவும் அதையே நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது. பாஸ்மா வந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். வேறு ஏதாவது வந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷமாக வேலை முடிந்து கை கழுவாமலேயே, ஒரு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி பிலார் தேங்காயெண்ணெயில் உப்புப் போட்டுத் தேய்ப்பாள். நடுக்கம் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. 'எம்' என்று போனால் விரல் 'என்'னில் விழும். உடனே பேக்ஸ்பேஸ். மறுபடி விழும். மறுபடி பேக்ஸ்பேஸ். கீபோர்டிலேயே அந்த ஒரு விசைதான் அவருக்கு உற்ற துணையாக இருந்தது.

நேனெட்டின் பழக்கம் வேறு. தப்பு விழுந்தால் அவள் திருத்தமாட்டாள்; எஸ்கேப்பைத் தட்டி, முழு ஸ்கிரீனையும் விட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பாள். பழைய மேலாளர் ஒருவர் அப்படிக் கற்றுக்கொடுத்தாராம். மாங் தேர்யோவுக்கு அது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு தப்புக்கும் முதலிலிருந்து ஆரம்பித்தால் ஒரு பெயருக்கு ஒரு பொழுது ஓடிவிடும்.

இரண்டரை மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தேடினால்தானே இல்லை என்கிறது. ஜூலை மாதம் அடித்தது எல்லாவற்றையும் தேதிவாரியாகக் காகிதத்தில் எடுத்துப் பார்த்துவிடுவோம். அதில் இவள் பெயர் இல்லையென்றால் தப்பு தன்னுடைய தலையில்தான், அதையும் தெரிந்துகொண்டுவிடலாம். நான்கு, பிறகு இரண்டு, பிறகு மாதம் ஏழு, என்டர்.

மூலையில் இருந்த பழைய பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று ஓட ஆரம்பித்தது. ஓட்டம் சீராக இல்லை. ஒரு வரி நேராகப் போகும், அடுத்த வரியில் தலை நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும். காகிதத்தை இழுத்துப் பார்த்தார். பாதிப் பெயர்களில் கரிக் கறை. ஜூன் மாதத்திலிருந்தே இப்படித்தான். ரிப்பன் சரியில்லை என்று நகராட்சியிலிருந்து இரண்டு தடவை கடிதம் வந்து, இரண்டு தடவை புது ரிப்பன் மாட்டியாகிவிட்டது.

விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். பதினான்காம் தேதியில் இருந்தது. ஸீ இருநூற்றுப் பன்னிரண்டு. அர்னுல்ஃபோ பான்டிகே.

"இருக்கு!" என்றார் சத்தமாகவே. நேனெட் திரும்பிப் பார்த்தாள்.

இருந்தது. ஆனால் அந்தப் பெயர் முழுக்க ஒரே கருப்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அது கறை இல்லை. 'ஆர்' என்ற எழுத்துக்கு அடியில் ஒரு 'டி' இருந்தது. 'எல்'லுக்கு அடியில் 'கே'. ஒரு இடத்தில் மூன்று எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அன்று மழையில் அவர் விரல் எங்கெங்கே தவறி விழுந்ததோ அத்தனையும் அப்படியே அடியில் கிடந்தது. ஒன்றுகூட அழியவில்லை.

அடுத்த வரி நேனெட் அடித்தது. கண்ணாடி மாதிரி சுத்தம். அதற்கடுத்தது அவர் அடித்தது. கருப்பு.

மாங் தேர்யோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு வேலை தெரிந்தவனுக்கே உரிய புத்தியோடு ஒரு சோதனை செய்தார். புதுப்பித்தல் ஸ்கிரீனில், கல்லறையிலேயே இல்லாத ஓர் அறை எண்ணுக்கு 'லோலா' என்று ஒரு பெயரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தப்பில்லாமல் அடித்தார். தேடினார், கிடைத்தது. அதை நீக்கிவிட்டு, அதே பெயரை வேண்டுமென்றே ஒரு தப்போடு அடித்து, பேக்ஸ்பேஸால் திருத்தி ஏற்றினார். ஸ்கிரீனில் பார்த்தால் அதே 'லோலா'தான், ஒரு வித்தியாசமும் இல்லை. தேடினார். பதிவு இல்லை.

அப்போது அவருக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. பச்சை எழுத்துப் பழைய டெர்மினல்களை எடுத்துவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்த நாள். பழையதில் பேக்ஸ்பேஸைத் தட்டினால் எழுத்து மறைந்து அந்த இடம் காலியாகும். புதியதில் எழுத்து அங்கேயே இருந்தது. அடிக்கும் இடத்தைக் காட்டும் கோடு மட்டும் பின்னால் நகர்ந்து வந்து அதன் மேல் நின்றது. மாட்ட வந்தவனிடம் அவர் சொன்னார்.

"தம்பி, எழுத்து அழியலையே?"

"மேல அடிங்க சார், போயிடும்" என்றான் அவன், வயரைச் சுருட்டிக்கொண்டே.

மேலே அடித்தார். போயிற்று. அதாவது கண்ணுக்குப் போயிற்று. அவருக்குள் ஏதோ உறுத்தியது உண்மை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் 'இந்த விசையை அவ்வளவு தடவையா தட்டுவீங்க?' என்று அவன் கேட்பான், அது நேனெட் காதில் விழும், மேடம் காதுக்குப் போகும். வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷ மானத்துக்காக நாலு மாசம் ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் கெடுத்துவைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஸ்கிரீனின் மேல் மூலையைச் சொடுக்கினால் செட்டிங் பட்டியல் திறக்கும். அதில் கீபோர்டு என்று ஒரு பக்கம். பேக்ஸ்பேஸைத் தட்டினால் என்ன அனுப்புவது என்று கேட்டு இரண்டு வட்டம் இருந்தது. ஒன்றில் எட்டாம் எண், மற்றதில் நூற்று இருபத்தேழு. புள்ளி எட்டில் இருந்தது. எண்பத்தெட்டில் கொடுத்த பயிற்சி இன்னும் அவர் மண்டையில் எங்கோ கிடந்தது: நகராட்சிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய எந்திரத்துக்கு நூற்று இருபத்தேழு என்றால்தான் 'அழி'. வேறு எது வந்தாலும் அதற்கு அதுவும் ஒரு எழுத்து. வாங்கிப் பெயருக்குள் வைத்துக்கொள்ளும். புள்ளியை மாற்றினார். ஒரு எழுத்தை அடித்துப் பேக்ஸ்பேஸைத் தட்டினார். எழுத்து மறைந்தது. காலியிடம்.

நாலு மாசத்துக் குற்றத்துக்கு ஒரே ஒரு புள்ளி. சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, சுவரில் முட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை எல்லாவற்றையும் அச்செடுத்தார். பிரிண்டர் முன்னும் பின்னும் போய்ப் போய் அடித்தது. வாசல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறித்தார். உடைக்கவேண்டிய நூற்றுத் தொண்ணூறில் நூற்று நாற்பத்தொன்று அவர் கையால் கருப்படைந்தவை. நிஜமாகவே கட்டாதவர்கள் நாற்பத்தொன்பது பேர்தான்.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். மாங் தேர்யோ காகிதச் சுருளை அவள் மேஜையில் விரித்தார்.

"பட்டியல் தப்பு, மேடம். நூத்தி நாப்பத்தியொரு பேரு கட்டியிருக்காங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு. நான் தப்பா அடிச்சுத் திருத்தின பேரையெல்லாம் மெனு கண்டுபிடிக்க மாட்டேங்குது. பழைய பதிவோட சேர்க்கவும் மாட்டேங்குது."

மேடம் கறுத்த வரிகளைப் பார்த்தாள். நேனெட்டின் வெள்ளை வரிகளையும் பார்த்தாள்.

"இவ்வளவும் நீங்க அடிச்சதா?"

"ஆமா."

"ஒரு பேருக்கு இத்தனை தப்பா, மாங் தேர்யோ?"

"கை நடுங்குது, மேடம். ரெண்டு வருஷமா."

"பாஸ்மான்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்." மாங் தேர்யோ வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒளிக்காமல் வைத்துப் பல நாளாகியிருந்தது. அது தன் பாட்டுக்கு ஆடியது.

மேடம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். என்ன கணக்குப் போட்டாளோ தெரியாது. மேயருக்குச் சொல்லவேண்டியது, ஐஸில் கிடக்கும் பதினாலு பேர், இந்த மனிதருக்கு ஓய்வுக்கு மீதியிருக்கும் நாள், எல்லாம் அதில் இருந்திருக்கும். கடைசியில் ஒரு தாளை இழுத்து, உடைக்கும் வேலையை நிறுத்தும்படி இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க விஷயத்தை அப்புறம் பேசுவோம்" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது. "நாளைக்குக் காலைலதானே ஆரம்பிக்கறாங்க? இதைப் போய் உடைக்கிற மேஸ்திரி இசகானி கிட்ட குடுத்துடுங்க."

நேனெட் ஜன்னலிலிருந்து கத்தினாள்: "நாளைக்கா? நாளைக்கு மழைன்னு ரேடியோல சொன்னான்னு இசகானி ஆளுங்க மத்தியானமே ஸீ வரிசையில ஏறிட்டாங்க. சுத்தியல் சத்தம் உங்க காதுல விழலையா?"

பிரிண்டர் சத்தத்தில் அவர்கள் இருவர் காதிலும் விழவில்லை.

மாங் தேர்யோவுக்கு ஓடுகிற வயசில்லை. ஆனாலும் அன்று அவர் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. சேற்றில் இரண்டு தடவை சறுக்கினார். ஒரு செருப்பு பி வரிசையிலேயே தங்கிவிட்டது. காகிதத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். வழியில் சுவரோரம் சாக்குகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு எண். ஒன்பது சாக்கு. எண்ணாமல் போகவேண்டும் என்று நினைத்தார், எண்ணிவிட்டார்.

பத்தாவது இருநூற்றுப் பன்னிரண்டு. கல் இரண்டாக உடைந்து கீழே கிடந்தது. சவப்பெட்டியின் முனை வெளியே தெரிந்தது. அதற்கும் இசகானியின் ஆட்களுக்கும் நடுவில் அலிங் செவெரினா ஏணியின் மூன்றாவது படியில் நின்று, இரண்டு கையாலும் அறையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையெல்லாம் சிமென்ட் தூசி.

"இறங்குங்கம்மா, எங்களுக்கு மட்டும் இது ஆசையா?" என்று இசகானி கெஞ்சிக்கொண்டிருந்தான். "நான் சொன்னதைச் செய்யறவன். எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு."

"எனக்கு இங்க இருக்கு" என்றாள் அவள்.

மாங் தேர்யோ மூச்சு வாங்கிக்கொண்டே தாளை நீட்டினார். இசகானி படித்தான், மறுபடி படித்தான், சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அப்ப அந்த ஒம்போது, மாங் தேர்யோ?"

பென்சில் குறி போட்ட பட்டியல் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். ஒன்பதில் மூன்று நிஜமாகவே காலம் முடிந்தவை. ஆறு அவருடையவை.

"ஆறைத் திரும்ப வைக்கணும்" என்றார். "இன்னைக்கே. எண் மாறாம. கூடவே நான் நிக்கறேன். அவங்க வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன்."

"நீங்க எதுக்குப் போய்ச் சொல்லணும்? ஆபீஸ் கடுதாசி போடட்டுமே."

"போடாது" என்றார்.

ஆறு சாக்கும் உள்ளே போக ஆறரை மணி ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு பலகையை வைத்து அடைத்தார்கள். நாளைக்குச் சிமென்ட் பூசுவதாகச் சொன்னான் இசகானி. அலிங் செவெரினா பலகையின் நாலு மூலையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குப் போவாள் என்று பார்த்தால், அவர் பின்னாலேயே அலுவலகத்துக்கு வந்தாள்.

"நான் பாக்கணும். என் பையன் பேரு அதுல ஏறுறதைப் பாக்கணும்."

நேனெட் ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டாள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்ற விதியை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. மேடமும் இன்னும் போகவில்லை. உள்ளறையில் போனில் யாரிடமோ ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆமாம்களில் தன் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று மாங் தேர்யோ கவனிக்கவில்லை. கவனிக்கத் தெம்பில்லை.

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். கெட்டுப்போன பதிவை நீக்கினார். இரண்டு. ஸீ. இரண்டு, ஒன்று, இரண்டு. பிறகு பெயர். ஏணியைப் பிடித்துச் சாக்கைத் தூக்கிக் கொடுத்ததில் கை எப்போதையும்விட மோசமாக ஆடியது. முதல் எழுத்து சரியாக விழுந்தது. இரண்டாவது விழவில்லை. பேக்ஸ்பேஸ். எழுத்து மறைந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தவறு. பேக்ஸ்பேஸ்.

அலிங் செவெரினா முன்னால் சாய்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றாள். "கால் மணி நேரம் எடுத்துக்கிட்டீங்க. எங்க போனாலும் என் புள்ள பேரைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில, போலீஸ்ல, எங்கயும் அப்படித்தான். நீங்கதான் பொறுமையா, ஒவ்வொரு எழுத்தா யோசிச்சு யோசிச்சு அடிச்சீங்க. வீட்டுக்குப் போய் அவரு கிட்டக்கூடச் சொன்னேன், நம்ம பையன் பேரை ஒரு மனுஷன் அவ்வளவு மரியாதையா எழுதினாருன்னு."

மாங் தேர்யோவின் விரல் கீபோர்டுக்கு மேலே நின்றுவிட்டது. மேடத்திடம் சொன்னபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை. பேசாமல் இருந்துவிடலாம். இவளுக்கும் அது நல்லதாகவே இருக்கும், தனக்கும் நல்லதாகவே இருக்கும். ஜூன் மாதம் வாயை மூடிக்கொண்டதும் இப்படி ஒரு நல்லதுக்காகத்தான்.

"மரியாதை இல்லம்மா அது" என்றார். "எனக்குக் கை நடுங்கும். தப்புத் தப்பா விழுந்துச்சு, திருத்தித் திருத்தி அடிச்சேன். அதான் அவ்வளவு நேரம். அந்தத் தப்பாலதான் இன்னைக்குக் கல்லை உடைச்சாங்க."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள், அங்கே அவள் மகனுடைய பெயரில் மூன்று எழுத்துதான் வந்திருந்தது. தலையிலிருந்த சிமென்ட் தூசியை ஒரு தடவை தட்டிவிட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடிங்க" என்றாள். "எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க. நான் எங்கயும் போகல."